நடமாடும்போதே போய் வா

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வராதவருக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் விழவில்லை என்றால் சம்பளமும் இல்லை. ஊவா மலைகளில் நாலைந்து தலைமுறை இந்தக் கணக்கோடுதான் வாழ்ந்து முடிந்தது. காய்ச்சலோடு மலை ஏறினார்கள். நிறைமாதத்தில் கூடை சுமந்தார்கள். இனி ஓர் எட்டும் வைக்க முடியாது என்ற நாளில்தான் டிஸ்பென்சரிப் படியை மிதித்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் என்ற நினைப்பு அப்படித்தான் எங்கள் சனத்துக்குள் ஊறியது. பேர் போடும் கணக்கப்பிள்ளை உங்கள் வாழ்க்கையில் இல்லை. ஒரு நாள் விரிவுரைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. ஆனாலும் தம்பி, பாப்பா, நீங்களும் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியை நினைக்கிறீர்கள்.

நானும் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவள்தான். குடும்பநல உத்தியோகத்தராகி, பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கியே பென்ஷன் வயதுக்கு வந்தவள். தோட்டத்தில் எங்களை மிட்வைஃப் அம்மா என்பார்கள். தராசில் தொங்கிக்கொண்டு என் சீருடையை நனைத்த பிள்ளைகள் இன்று பசறை வீதியில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். பிந்துனுவெவ கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன், கோபிக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து யாரோ ஒருவர் உங்கள் உடம்பைத் தேடி வந்துகொண்டே இருந்தார். அம்மாவின் கிளினிக் கொப்பியில் நாங்கள் எழுதினோம். பிறந்ததும் உங்களுக்கென்று ஒரு புத்தகம் திறந்தோம். ஊசிக்குத் தேதி போட்டோம். வராத வீட்டுக்கு நாங்களே நடந்து போனோம். பாடசாலைக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கண், பல், நெஞ்சு, உயரம், நிறை எல்லாம் பார்த்தது. 2017 முதல் ஆறாந்தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியும் வந்தது. அப்போது கையை நீட்டியவர்கள்தான் இப்போது கம்பஸுக்குள் காலெடுத்து வைக்கிறார்கள்.

தரம் 10 முடிந்ததா? அதோடு சரி. பெண் என்றால், கலியாணம் முடித்து அல்லது கருத்தரித்துக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் ஏறும்போது மறுபடி யாராவது தேடி வருவார்கள். 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் 35 வயதிலிருந்துதான் பெண்களைக் கூப்பிடுகிறது. பிரஷர், சீனி பார்க்க 2011 முதல் திறந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களும் 35 தாண்டியவர்களுக்கே முதலிடம் கொடுக்கின்றன. ஆண்பிள்ளைக்கோ இடையில் ஒன்றுமே இல்லை. பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வரை, இருபது வருடம், உங்களை யாரும் தேடி வரமாட்டார்கள். நீங்களாகத்தான் போக வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

போக இடமில்லை என்று சொல்லாதீர்கள். கம்பஸுக்குள் வைத்திய நிலையம் இருக்கிறது. முதல் வருடம் பதியும்போது படிவம் நிரப்பப் போயிருப்பீர்கள். பிறகு எதற்குப் போகிறீர்கள்? பரீட்சைக்கு மெடிக்கல் போட! அந்த வைத்தியரிடம் சும்மா போய், 'டொக்டர், எனக்கு ஒன்றுமில்லை, ஒருமுறை பாருங்கள்' என்று கேட்ட பிள்ளை எத்தனை பேர்? படிக்கும் பிள்ளைகளுக்கென்று கல்லூரிக்குள்ளேயே வைத்தியரை வைக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் மாணவர்கள் படிப்புச் சுமையில் உடைந்துபோவதைக் கண்டு, 1861இல் எட்வர்ட் ஹிச்கொக் என்ற வைத்தியரை நியமித்தார்கள். அவருடைய முக்கிய வேலை நோய்க்கு மருந்து கொடுப்பது அல்ல. உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்பிப்பதும், பிள்ளைகளை அளந்து எழுதி வைப்பதும்தான்.

எங்கள் தோட்டங்களுக்கு இந்தப் பார்வை ஏன் பிந்தி வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. கிராமங்களுக்கு மருத்துவமாது, சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஏற்பாடு 1926இல் களுத்துறையில் தொடங்கிப் பரவியது. நோய் வருமுன் வீடு தேடிப் போகும் ஏற்பாடு அது. தோட்டத்துக்கோ 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலிருந்தே தனி வழி. தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது தோட்டத்தோடு ஒட்டிய விஷயம் என்றாகிவிட்டது. வேலைக்கு ஆள் நிற்க வேண்டும் என்பதற்காக நடந்த வைத்தியம், ஆள் படுத்த பிறகு தொடங்கியதில் என்ன அதிசயம்? அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளைக் கையேற்க ஆரம்பித்தது 1990களில்தான். அதுவும் ஒரே மூச்சில் அல்ல. 2016இன் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். உங்களில் பலர் அந்தக் குறையோடுதான் வளர்ந்து, படித்து, இதுவரை வந்திருக்கிறீர்கள். ஆகவே உடம்பை மற்றவர்களைவிட ஒருபடி கூடவே கவனிக்க வேண்டும்.

இரத்தத்திலிருந்து தொடங்குவோம். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உட்பக்கம் சிவந்திருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தாலோ, படியேற மூச்சு வாங்கினாலோ, புத்தகத்தைத் திறந்ததும் கண் சொருகினாலோ, சோம்பேறி என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாமல் இரத்தத்தைச் சோதியுங்கள். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்ற அளவுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை.

உங்கள் பூட்டன் பூட்டி காலத்தில் தோட்டத்து இரத்தத்தைக் குடித்தது கொக்கிப்புழு. கக்கூஸ் இல்லாத லயத்தைச் சுற்றிய ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் போய் ஒட்டிக்கொள்ளும். 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதற்கெதிராக ஓர் இயக்கமே நடத்தினார்கள். மருந்து கொடுத்தால் புழு போகும். மலக்கூடம் கட்டாவிட்டால் திரும்பி வரும். மருந்துக்குத் தலையாட்டிய தோட்டங்கள் மலக்கூடச் செலவென்றதும் இழுத்தடித்தன. வருமுன் காப்பதற்கு யாரும் எளிதில் காசு எடுக்கமாட்டார்கள் என்பதை நான் அந்தக் கதையிலிருந்துதான் படித்தேன்.

இன்று உங்கள் இரத்தத்தைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாடு. போர்டிங்கில் காலையில் ஒரு பணிஸும் பிளேன்ரீயும். மத்தியானம் பெரும்பாலும் சோறாகவே இருக்கும் ஒரு பார்சல். இரவு நூடில்ஸ். வீட்டுக்கு வந்தாலும் ரொட்டியும் சம்பலும் வாயில் இருக்கும்போதே தேத்தண்ணி. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேயிலைச் சாயம் பாதிக்கு மேல் தடுத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை; இந்த மலையில் அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். பருப்போடும் கீரையோடும் தேசிக்காய்ப் புளி விடுங்கள், இல்லையென்றால் ஒரு கொய்யாப்பழம் கடியுங்கள். பருவத்தில் பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால் இன்னும் நல்லது. நெத்தலிக் கருவாடு கொஞ்சமாவது தட்டில் விழட்டும்.

இனி நான் சொல்வதை இரண்டு தடவை வாசியுங்கள். இரத்தம் குறைவு என்றதும் பாமசியில் இரும்பு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். இரத்தம் வெளுப்பதற்கு இரும்புக் குறைவு மட்டும் காரணமல்ல. தலசீமியா என்று ஒன்று இருக்கிறது. அது பரம்பரையாக வருவது. இந்த நாட்டில் அதற்கென்று இருக்கும் பெரிய சிகிச்சை நிலையங்கள் குருநாகல், அனுராதபுரம், பதுளை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது என்றால், அதற்கான பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்தப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாலு கிழமைக்கொரு முறை இரத்தம் ஏற்றுவதற்காக முதல் பஸ்ஸில் தாயோடு வந்து இறங்குவார்கள். கைநரம்பு தேடித் தேடிக் குத்திய இடமெல்லாம் தழும்பாக இருக்கும். ஏற்றிய இரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேரும். சேர்ந்தால் இதயத்தையும் ஈரலையும் தின்றுவிடும். அதை வெளியேற்ற, இரவில் வயிற்றுத் தோலில் ஓர் ஊசியைப் பொருத்தி, சின்னப் பம்ப் ஒன்றின் மூலம் எட்டுப் பத்து மணித்தியாலம் மருந்து ஏற்ற வேண்டும், கிழமையில் ஐந்து ஆறு இரவு. இப்போது மாத்திரையும் வந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிதான்.

நோயுள்ள பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றும் இருக்காது. இருவரும் நல்ல சுகதேகிகள். ஆனால் இருவரும் அந்தப் பரம்பரைக் குறையைச் சுமக்கும் காவிகள். காவியாக இருப்பது நோயல்ல. வாழ்நாள் முழுக்க மலை ஏறலாம், பந்து விளையாடலாம். இலங்கையில் நூற்றுக்கு இரண்டு பேரளவில் இப்படி இருக்கிறார்கள். காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை முடித்தால் பிள்ளைக்கு அந்தக் கொடிய நோய் வராது. காவியும் காவியும் சேர்ந்தால்தான், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதுக்கு வராது என்று ஒரு கணக்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்று.

எங்கள் ஆட்களிடம் இது இன்னும் கூர்மையாகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் வழக்கம் லயங்களில் இன்னும் இருக்கிறது. பாட்டி ஒருத்தி காவியாக இருந்தால், மகன்வழிப் பேத்திக்கும் மகள்வழிப் பேரனுக்கும் அது இறங்கியிருக்கலாம். அந்த இருவருக்கும்தான் சின்ன வயதிலேயே முறை பேசி வைத்திருப்பார்கள்! செவ்வாய் தோஷத்தை ஊரறியப் பேசும் குடும்பம், இரத்த ரிப்போர்ட்டை மட்டும் பெட்டிக்கடியில் ஒளித்து வைக்கிறது. படித்த நீங்கள்தான் இதை மாற்ற வேண்டும். காதல் முற்றுவதற்கு முன்பே, சம்பந்தம் பேசுவதற்கு முன்பே, இருபது வயதில், ஒரு முழு இரத்தக் கணக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதில் சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்சிவி 80க்குக் கீழே இருந்தால் வைத்தியரிடம் தலசீமியா பற்றிக் கேளுங்கள். இரும்புக் குறைவாலும் அந்த எண் இறங்கும் என்பதால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அடுத்த பரிசோதனை உறுதி சொல்லும். முடிவைக் கையில் வைத்திருப்பவர் பயப்பட வேண்டியதில்லை, தெரிவு செய்யலாம். காவி என்று தெரிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று சொல்லும் வாய்களுக்கு என்னிடம் மரியாதை கிடையாது. அவளுக்குக் காவியல்லாத எவனும் மாப்பிள்ளைதான்.

வாய்க்கு வருவோம். மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலைதான் துணை என்று உங்கள் அம்மாவும் ஆச்சியும் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்பஸ் வாசலில் நின்று பாபுல் மெல்லும் இளந்தாரிக்கு என்ன குளிர், என்ன பசி? பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் முடிவாகச் சொல்லிவிட்டது, புகையிலை சேராவிட்டாலும்கூட. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையில்லாப் புகையிலைப் பொருட்களை 2016 செப்டம்பரில் அரசாங்கம் தடைசெய்தது. ஆனாலும் கடைத்தெருவில் எது கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நடுவிரலையும் அதன் இருபக்கத்து விரல்களையும் சேர்த்து, முன்பற்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால், காரச் சம்பல் பட்டாலே வாய் எரிகிறது என்றால், கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு இருந்தால், இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண் இருந்தால், பல் வைத்தியரிடம் போங்கள். வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். வலி வருவது கடைசியில்தான்.

சில விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பீலித்தண்ணி கண்ணுக்குப் பளிங்கு போலத்தான் இருக்கும். மேலே மலையில் யாருடைய மலக்குழி என்று உங்களுக்குத் தெரியாது. செங்கண்மாரியும் நெருப்புக்காய்ச்சலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. கொதிக்க வைத்துக் குடியுங்கள், போர்டிங்கிலும் அப்படித்தான். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் என்றாலும் ஆறு மாத மருந்தில் குணமாகும், அரசாங்கம் அதை இலவசமாகத் தருகிறது. மாதவிலக்கு வலியில் விரிவுரையையே விடும் அளவுக்குத் துடிப்பதை 'பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பாலியல் சம்பந்தமான சந்தேகத்தை நண்பனிடம் கேட்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். பாலியல் நோய் கிளினிக்கில் உங்கள் விஷயம் வெளியே போகாது. இளம் வயதினருக்கென்றே சில ஆஸ்பத்திரிகளில் யொவுன் பியச என்ற பெயரில் ஒரு பிரிவும் இயங்குகிறது.

உங்கள் பிள்ளைப்பருவக் கிளினிக் புத்தகம் எங்கே? அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தால் எடுத்து, ஊசிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, உயிர்களோடும் லயத்தோடும் வாழ்நாள் காகிதங்களும் மண்ணுக்குள் போயின. அவசரத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த வளைவு, எந்தக் கோயிலடி என்று வழி சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக மனசு. லயத்திலிருந்து கம்பஸுக்குப் போகும் பிள்ளை பெரும்பாலும் அந்த வரிசையிலேயே முதல் ஆள். அவன் பெயரில் ஒரு குடும்பத்தின் கடனும், நாலு வீட்டுப் பெருமையும் ஏறியிருக்கும். விரிவுரை ஆங்கிலத்தில். சுற்றிலும் சிங்களத்தில் சிரிக்கிறார்கள். முதல் பரீட்சையில் ஒரு பாடம் போனால் வீட்டுக்குச் சொல்ல வாய் வராது. கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் படுத்திருப்பான், போன் அடித்தால் எடுக்கமாட்டான், குளிக்கமாட்டான். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நண்பனே, அது திமிர் அல்ல, நோயாக இருக்கலாம். 1995இல் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஏன் தெரியுமா? சாக நினைக்கும் வேகம் பலருக்குச் சில மணித்தியாலங்களே நிற்கிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பிழைத்து வாழ்கிறார்கள். கடத்திவிட ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தினுடையது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். கம்பஸில் மாணவர் ஆலோசகர் இருக்கிறார். பேசினால் பைத்தியம் என்று முத்திரை விழும் என்பது பழைய பயம். அதை உங்கள் காலத்தோடு முடித்துவிடுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்கு 35 தாண்டிப் பல வருடம் ஆகியிருக்கும். சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்து, மார்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் கிளினிக் வேலை நாளில் நடக்கிறது, போனால் பேர் போகும், போனாலும் சிங்களத்தில் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆகவே போகமாட்டார். இந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். அன்றைய பேருக்கான காசை நீங்களே அம்மா கையில் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவருக்காகச் சிங்களத்தில் நீங்கள் பேசுங்கள். அதே ஆஸ்பத்திரியில் உங்கள் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.